ஒரு கழுத்து பாக்கி

ராஜேஸ்வரி,

நெற்றியில் போட்ட தையல் இழுக்கிறது. அதனால் கையெழுத்து இன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும். எழுத்துப்பிழை இருக்காது, அதற்கு நான் பொறுப்பு. கொட்டகலையிலிருந்து நீ போனில் அனுப்பிய செய்தியில் 'மண்ணிப்பு' என்று மூன்று சுழி போட்டிருந்தாய். விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சராக இருந்தாலும், கேட்கப் போவது என்ன என்று சரியாக எழுதத் தெரிய வேண்டும். "எனக்கு இந்த ராஜ்யமும் வேணாம், இந்தக் கத்தியும் வேணாம், நீங்களே வச்சிக்குங்க" என்று முடித்திருந்தாய். ராஜ்யம் என்று நீ சொன்னது அக்கரப்பத்தனைச் சரிவில் ஓடு பெயர்ந்து நிற்கிற இந்தக் கங்காணி வீட்டையும், திருவிழாவில் இந்த வீட்டுக்குக் கட்டுகிற பரிவட்டத்தையும். உன் அப்பா போனபின் அதை உன் தலையில் கட்டினார்கள். பொம்பளைப் பிள்ளைக்குக் கட்டுவதா என்று முணுமுணுத்தவர்களே, கட்டி முடிந்ததும் "ராணி, ராணி" என்று கத்தினார்கள். உனக்கு அன்று வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நீ போனபின் நடந்ததை யார் எப்படிச் சொன்னார்களோ, நான் சொல்கிறேன். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, "இந்த வருசம் புலி வெட்டு கிடையாது. எங்க தாத்தா வெட்டினது புலியை இல்ல, மனுசனை" என்று சொல்லிவிட்டு நீ பஸ் ஏறிவிட்டாய். மறுநாள் தேநீர் நேரத்தில் பொடியன்கள் கூட்டமாக வந்தார்கள். "பெரியவர் பேரைக் கெடுத்த ராணி எங்கடா?" என்று கத்தினார்கள். முன்ஜன்னல் முழுவதும் போயிற்று. ஒரு கல் என் நெற்றியில் பட்டது. நான் அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "இது யாருடையது?" என்று கேட்டேன். ஒருவனும் கை தூக்கவில்லை. இரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்ததால் முகங்களைச் சரியாகப் பார்க்க முடியவில்லை, குரல்களை வைத்துத் தெரிந்துகொண்டேன். அங்கிருந்து அவர்கள் நேராக முச்சக்கர வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போயிருக்கிறார்கள். வருடா வருடம் புலி வேஷம் போடுகிற யோகராஜ்தான் உன்னிடம் கதை சொன்னான் என்று நினைத்து, அவனுடைய வண்டியிலிருந்த வீல் ஸ்பேனராலேயே அவன் இடது கை விரல்களை நசுக்கினார்கள். அவன் உன்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும். இவ்வளவும் நீ பஸ்ஸில் ஏறிய பிறகு நடந்தது. உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. ஒரு உண்மையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் அடி யார்மேல் விழும் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆமாம், பாதி. நீ கண்டுபிடித்தது உண்மைதான், ஆனால் பாதி. திருவிழாவுக்கு முன் மற்றப் பாதியையும் நீ படிக்க வேண்டும். நீ மட்டும் படித்தால் போதாது. இந்த மற்றப் பாதியை எழுதி, திருவிழா மலரில், வழக்கமாக உன் அப்பாவின் வாழ்த்துரை வந்த பக்கத்தில் போடும்படி கமிட்டிக்குக் கொடுத்தேன். தலைவர் நாலு வரி படித்துவிட்டு, "அம்மா, இதெல்லாம் இப்ப எதுக்குங்க" என்றார். அதனால் திருவிழாவுக்கு முதல் நாள் மடுவத்தில், கொழுந்து நிறுக்க எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, நானே சத்தமாக வாசிக்கப் போகிறேன். எனக்கு ஒலிபெருக்கி தேவைப்படாது.

எங்கள் கான்வென்டில் காலைப் பிரார்த்தனைக்கு முன் கழுத்துப் பார்ப்பார்கள். சிரிக்காதே. வரிசையாக முதுகைக் காட்டி நிற்க வேண்டும். சிஸ்டர் கோடு போடுகிற இரும்பு அடிமட்டம் ஒன்றைப் பின்கழுத்தில் வைத்து இழுத்துக்கொண்டே போவார். மயிர் பட்டால் அதே அடிமட்டத்தால் அங்கேயே விழும். மலைக்குளிரில் அந்த இரும்பு படுகிறபோது பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம். கழுத்து தெரிய நிற்கிற பிள்ளைதான் நிமிர்ந்து நிற்கும் என்பது அவர்கள் எண்ணம். எனக்கும் அதுவே எண்ணமாகிவிட்டது. கணக்கப்பிள்ளையின் மகளாக இந்த வீட்டுக்குள் வந்தபோது என்னிடம் இருந்த சொத்து அந்த நிமிர்ந்த கழுத்து ஒன்றுதான். நீ வயதுக்கு வந்த நாளிலிருந்து நமக்குள் சண்டை உன் தலைமயிரைப் பற்றித்தான். விரித்துப் போட்டுக்கொண்டு திரிவாய். "இது உங்க கான்வென்ட் இல்லம்மா" என்பாய். அதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்பது கடைசியில் தெரியும்.

உனக்குச் சொல்லி வளர்த்த கதை இதுதான். உன் அப்பாவின் அப்பா, பெரிய கங்காணி, தேயிலைக்குள்ளிருந்து பாய்ந்த புலியை, செடியின் கிளை சீவுகிற கவ்வாத்துக் கத்தியால் ஒரே வெட்டில் வெட்டினார். அந்தக் கத்திக்கு வெள்ளியில் பிடி போட்டார்கள். அந்த வீரத்தின் நினைவாகத் தேர் நகரும் முன்பு புலி வேஷக்காரன் ஆடி வருவான், நம் வீட்டுத் தலைவர் அவன் கழுத்தில் கத்தியின் முதுகை வைப்பார், அவன் விழுவான், கூட்டம் கத்தும். மலருக்காக இந்தக் கதையை விவரமாக எழுத வேண்டும் என்று நீ மடுவத்துப் பெண்களிடம் கேட்கப் போனாய். அதில் ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு, "எந்தப் புலிங்கம்மா? நாலு கால் புலியா, ரெண்டு கால் புலியா?" என்று கேட்க, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நீ தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாகப் போய்க் கேட்டுக் கண்டுபிடித்தாய். நல்லது. ஆனால் சின்ன வயதிலிருந்தே பதில் உன் விரல் நுனியில் இருந்தது. கூடத்துச் சுவரில் தொங்குகிற புலித்தோலில் ஒரு ஓட்டை இருக்கிறதே, அதில் விரலை விட்டு ஆட்டி விளையாடுவாய். அது குண்டு துளைத்த ஓட்டை. அந்தத் தோலில் வெட்டுக்காயம் ஒன்றுகூட இல்லை. யாரோ சுட்ட சிறுத்தையின் தோலை நுவரெலியாக் கடையில் வாங்கி வந்து மாட்டியிருக்கிறார்கள். இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம் தூசி தட்டும்போதே நான் அதைப் பார்த்துவிட்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கருப்பையா என்று ஒருவர் இருந்தார். யோகராஜின் தாத்தா. கவ்வாத்து வெட்டுகிறவர். திருவிழாவில் புலி வேஷம் கட்டுவதால் தோட்டமே அவரைப் 'புலி' என்றுதான் கூப்பிட்டது. அவர் மனைவி செவனம்மா பச்சைப்பிள்ளைக்காரி. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஒரு நாள், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் பிந்தி வந்தாள். கங்காணி அவளை எல்லோர் முன்னிலையிலும் பிரம்பால் அடித்தார். முதுகில் இல்லை, மார்பில். சேலை நனைந்தது இரத்தத்தாலா பாலாலா என்று யாருக்கும் தெரியவில்லை. கருப்பையா திருவிழா வரைக்கும் பொறுத்திருந்தார். புலி வேஷக்காரனுக்கு ஒரு சலுகை உண்டு, உனக்குத் தெரியும், அவன் யாரிடமும் வம்பு பண்ணலாம், யாரும் கோபிக்கக் கூடாது. மஞ்சளும் கறுப்பும் பூசிக்கொண்டு ஆடி வந்தவர், கங்காணியின் நாற்காலிக்கு முன் வந்ததும் தாவி அவர் தோளில் கை போட்டு, தலைப்பாகையைப் பல்லால் கவ்வி இழுத்து, சேற்றில் போட்டு மிதித்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வழுக்கைத் தலையோடு கங்காணி எழுந்தார். புதுக் கவ்வாத்துத் தொடங்கும் முன் பூஜைக்கு வைத்திருந்த கத்திகள் அம்மன் முன்னால் வரிசையாகக் கிடந்தன. ஒன்றை எடுத்தார்.

கழுத்திலும் தோளிலும் வெட்டு. ஒன்றல்ல. கவ்வாத்துக் கத்தி விரல் தடித்த தேயிலைக் கிளையை ஒரே வீச்சில் சீவும், அதை எதற்கு விளக்க வேண்டும். இதில் கொடுமை என்னவென்றால் தப்பு மேளம் அடிக்கிறவர்கள் நிறுத்தவில்லை. வேஷத்தின் ஒரு பகுதி என்றுதான் நினைத்தார்கள். புலி துள்ளத் துள்ள அடியை வேகமாக்கினார்கள். கூட்டம் கைதட்டியது. மஞ்சள் பூச்சுக்கு மேல் வழிந்த இரத்தத்தைச் சாயம் என்று நினைத்தார்கள். செவனம்மா மட்டும் பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடி வந்து, தன் கையாலேயே அந்தக் கழுத்தை மூடிப் பிடித்திருக்கிறாள். அவள் அலறியபின்தான் தப்பு நின்றது. கங்காணி பங்களாவுக்குப் போய்த் தொரையிடம், "புலி பாய்ஞ்சதுங்க தொரை, வெட்டிட்டேன்" என்றார். தொரைக்குப் புலி என்றால் சிறுத்தை. காட்டோரத் தோட்டத்தில் அது புதிதல்ல. கூலியாள் ஒருவனைச் சிறுத்தை கிழித்தது, கங்காணி அதை வெட்டினான் என்று அவர் எழுதிக்கொண்டார். யாரும் பொய் சொல்லவில்லை பார். ஒரு மனிதனின் பட்டப்பெயரே அவன் கொலையை மறைத்துவிட்டது.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இந்தக் கொலையைத்தான் வருடா வருடம் வீரம் என்று கொண்டாடி வந்திருக்கிறோம் என்று நினைத்துக் குன்றிப்போனாய். அங்கேதான் பிழை. கொண்டாட்டம் பிறகு வந்தது. முதலில் இருந்தது வேறு.

புருசனைப் புதைத்த மறுநாள் செவனம்மா பெரட்டுக்களத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி, அவள் பக்கத்தில் இன்னொருத்தி. அந்த டிவிஷனில் ஒரு பெண்ணும் கூடை தூக்கவில்லை. கங்காணியின் ஆட்கள் மயிரைப் பிடித்து இழுத்தார்கள், பிள்ளைகளைத் தூக்கி லயத்துக்குள் போட்டுப் பூட்டினார்கள், நாயை விட்டார்கள். கடித்த இடத்தைச் சேலையால் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மலையில் கொழுந்து முற்ற ஆரம்பித்ததும் தொரைக்குப் பயம் வந்துவிட்டது. கங்காணியைக் கூப்பிட்டு, அந்தப் பொம்பளை கேட்பதைக் கொடுத்து முடி என்றார். அவள் கேட்டது இதுதான். "எனக்குக் காசும் வேணாம், காணியும் வேணாம். வருசா வருசம் எம்புலி வரும். இந்தாளு தலைப்பாகைய அவுத்துட்டு, செருப்பக் கழட்டிட்டு, எல்லாரு முன்னாடியும் கழுத்த நீட்டணும். இதே கத்திய எம்புலி கையில குடுக்கணும். வெட்டுறதும் வெட்டாததும் புலியோட இஷ்டம். அப்புறம் அவன் வீட்டுலயே எம்புலிக்கு எல போட்டுச் சோறு வைக்கணும்."

நினைத்துப் பார். கழுத்து புலியுடையது அல்ல, நம்முடையது. முதலில் கருப்பையாவின் தம்பியும், பிறகு வளர்ந்துவிட்ட மகன், யோகராஜின் அப்பா முத்தையாவும் புலி கட்டினார்கள். பெரிய கங்காணி வருடா வருடம் மொட்டைத் தலையோடு குனிந்து நின்றார். கத்தி கழுத்தில் இறங்கி நிற்கும். தப்பு நின்றிருக்கும். இந்த வருடம் வெட்டுவானா மாட்டானா என்று ஒருவருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கடைசிவரை அவரை யாரும் வெட்டவில்லை. படுக்கையில்தான் செத்தார். ஆனால் அவர் குனியத் தொடங்கிய வருடத்திலிருந்து அந்தத் தோட்டத்தில் ஒரு பெண்ணும் பெரட்டில் அடிபட்டதில்லை.

நான் கல்யாணமாகி வந்த வருடம், உன் அப்பா முதல்முறையாகக் குனிய வேண்டிய வருடம். வாலிபர். தோட்டத்துச் சங்கத்துக்குத் தலைவராகி, பெரிய தொரைமாரோடு மேசையைத் தட்டிப் பேசுகிறவர். நான் பட்டுச்சேலையோடு முன் வரிசையில் நின்றேன். பூசாரி காதில் சொன்ன பிறகுதான் எனக்கே என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்தது. உன் அப்பா துண்டை எடுத்தார், செருப்பைக் கழற்றினார், கத்தியை நீட்டினார். முத்தையா புலியாக ஆடி வந்து கையை நீட்டினார். அந்தக் கணத்தில் உன் அப்பா என்னைப் பார்த்தார். புதுப்பெண்டாட்டிக்கு முன்னால் எப்படிக் குனிவது என்று நினைத்தாரோ என்னவோ. கத்தியை விடாமல் பின்னால் இழுத்து, ஓங்கி, முத்தையாவின் வலது தோளில் இறக்கினார். எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. என் சேலையில் தெறித்தது. மறுபடியும் அதேதான், ராஜேஸ்வரி, தப்பு நிற்கவில்லை. பின்னால் நின்ற இளவட்டங்கள் இதையும் ஆட்டத்தில் ஒரு புதுமை என்று நினைத்தார்கள். "புலி வெட்டு! புலி வெட்டு!" என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உன் அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அது எனக்குப் பயத்தைத் தந்தது. அடுத்த வருடத்திலிருந்து அதற்குப் பெயரே புலி வெட்டு. கத்தியின் முதுகால் தொட்டால் போதும் என்று ஆயிற்று. சுற்றிலும் அவருடைய ஆட்கள் கம்போடு நிற்பார்கள். பழைய முறையைப் பற்றிப் பேசிய இரண்டு குடும்பங்களின் லயத்துக் காம்பிராக்களுக்கு மேலிருந்த கூரைத் தகரத்தை அடைமழையில் கழற்றி எடுத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அன்று நான் டெட்டோலும் பழைய சேலையும் எடுத்துக்கொண்டு முத்தையாவின் லயத்துக்குப் போனேன். செவனம்மா வாசலிலேயே என்னை மறித்தாள். உட்காரச் சொல்லவில்லை. நான் இதுவரை எழுதியதையெல்லாம் அவள் நின்ற இடத்திலேயே நின்று சொன்னாள். சொல்லி முடித்து, "போங்க. போய் ஒங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுங்க. ஒங்க வீட்டுக்கு ஒரு கழுத்து பாக்கி இருக்கு" என்றாள். போய்ச் சொன்னேன். அவள் சொன்ன வார்த்தைகளையே, ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். உன் அப்பா கையிலிருந்த பித்தளைச் செம்பை என் முகத்தில் எறிந்தார். இடது புருவத்துக்கு மேலுள்ள தழும்பை நீ சின்னவளாக இருந்தபோது கேட்டாய், கான்வென்டில் விழுந்தேன் என்றேன். கான்வென்டில் நாங்கள் விழ மாட்டோம். இப்போது போட்ட தையல் அந்தத் தழும்பின் பக்கத்திலேயே வந்திருக்கிறது. ஒன்று உள்ளிருந்து வந்தது, மற்றது வெளியிலிருந்து.

அந்தச் செம்புக்குப் பிறகு நான் ஒன்றே ஒன்று சொன்னேன். "கோயில் முற்றம் உங்களுடையது. அடுப்படி என்னுடையது. புலிக்கு இலை போடுவதை நிறுத்த மாட்டேன்." அவர் நிறுத்தப் பார்த்தார், இரண்டு தடவை இலையைக் காலால் தட்டிவிட்டார். நான் புது இலை போட்டேன். உனக்கு நினைவிருக்கும், வருடா வருடம் 'வெட்டுப்பட்ட' புலி பின்வாசலால் வந்து, சாயத்தோடு தெற்குப் பார்த்து உட்காரும். நான் இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டு, கறியும் முட்டையும் சாராயமும் சுருட்டும் வைத்துக் கற்பூரம் காட்டுவேன். "உயிரோட இருக்கிற ஆளுக்கு ஏம்மா கற்பூரம்?" என்று ஒருமுறை கேட்டாய். உனக்கு அப்போது பல் விழுகிற வயது. "வாயை மூடிக்கொண்டு அப்பளம் வை" என்றேன். சரியான கேள்விதான் கேட்டாய். முத்தையாவுக்கு வலது கை எழும்பாது, இடக்கையால் பிசைந்து சாப்பிடுவார். ஏன் இன்னும் புலி கட்டிக்கொண்டு இந்த அவமானத்துக்கு வருகிறீர்கள் என்று ஒரு வருடம் கேட்டேன். "எங்கப்பாவுக்கு எல போடுறது இந்த வீட்டுல மட்டுந்தாங்கம்மா" என்றார். சாதத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

உன் அப்பாவை நீ வெறுக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே. அவரை முழுதாகப் பார்க்கச் சொல்கிறேன். இனக்கலவரத்தின்போது லொறியில் வந்தவர்கள் கீழ் லயத்துக்குப் பெட்ரோல் ஊற்றத் தொடங்கினார்கள். அதே வெள்ளிப்பிடிக் கத்தியோடு உன் அப்பா தனி ஆளாகப் பாலத்தில் நின்றார். முதலில் வந்தவனின் கையை மணிக்கட்டோடு வெட்டினார். தலையில் இரும்புக் கம்பியால் அடி விழுந்தும் பாலத்தை விடவில்லை. லொறி திரும்பிப் போயிற்று. அவர் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு உயிரோடு இருந்தவர்களில் செவனம்மாவும் ஒருத்தி, முத்தையாவும் ஒருவர். உன் வீட்டு ஜன்னலை உடைத்த பொடியன்களின் தாய்மாரும் அதற்குள்தான் இருந்தார்கள். அதனால்தான் இந்தக் குடும்பத்தின் பேரைத் தொட்டதும் அவர்களுக்கு அவ்வளவு கோபம். அவர் காப்பாற்றியதும் உண்மை, முத்தையாவின் தோளை வெட்டியதும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்க முடியாது.

இப்போது நீ செய்ய நினைப்பதற்கு வருகிறேன். கத்தியைக் கண்டி நூதனசாலைக்குக் காட்சிப்பொருளாகக் கொடுத்துவிடலாம் என்கிறாய். மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, பொதுவில் வருத்தம் தெரிவிக்கிறேன் என்கிறாய். பிறகு திருவிழாவிலிருந்து புலியையே எடுத்துவிடலாம் என்கிறாய். புலியை எடுத்துவிட்டால் கருப்பையா எங்கே வருவார்? தன் புருசன் வருடம் ஒருமுறை எழுந்து வர வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பெண் நாய்க்கடியோடு உட்கார்ந்திருந்தாள். மைக்கில் பேசுவது சுலபம். நிமிர்ந்து நின்றுகொண்டே பேசலாம். நம் வீட்டிடம் கேட்கப்பட்டது பேச்சு அல்ல.

முந்தாநாள் லிந்துலை ஆஸ்பத்திரிக்குப் போய் யோகராஜைப் பார்த்தேன். தலையில் கட்டோடு நானும், கையில் கட்டோடு அவனும். பக்கத்துக் கட்டில்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"வாங்கம்மா. ராணியம்மா வரலீங்களா?" என்றான். குத்தலாகத்தான்.

"வருவாள்" என்றேன்.

"எங்க தாத்தாவுக்குக் கழுத்து போச்சு, எங்கப்பாவுக்குத் தோளு, எனக்கு ரெண்டு வெரலு. பரவாயில்ல, வரவரக் கொறஞ்சிக்கிட்டேதான் வருது" என்று சிரித்தான். பிறகு என் நெற்றியைப் பார்த்தான். "ஒங்களுக்கு என்னங்கம்மா?"

"ஒரு ஜன்னல். அஞ்சு தையல்."

"அது ஒங்க ஆளுங்க போட்டதுங்க. எங்க கணக்குல சேக்காதீங்க."

நான் சேர்க்கவில்லை என்றேன். அவன் அப்பா அவனிடம் பழைய முறையைச் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. சொல்லியிருக்கிறார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் இத்தனை வருடமும் நம் கத்தியின் கீழே விழுந்து எழுந்திருக்கிறான். இந்த வருடம் கத்தி உன் கைக்கு வந்தால் வாங்குவாயா என்று கேட்டேன். கட்டில்லாத கையை விரித்து மூடிப் பார்த்தான்.

"வலது கை நல்லாத்தான் இருக்கு" என்றான். "ஒங்க மக குனிவாங்களா?"

"குனிவாள்."

"நான் வெட்டிட்டா?"

"வெட்டுவதும் வெட்டாததும் புலியின் இஷ்டம்" என்றேன்.

அவன் முகம் மாறியது. அந்த வார்த்தைகளை நம் வீட்டு வாயிலிருந்து கேட்பான் என்று அவன் நினைக்கவில்லை. "அப்படியெல்லாம் செய்ய மாட்டேங்கம்மா" என்று அவன் சொல்வான் என்று காத்திருந்தேன் என்றால் நான் பொய்க்காரி. அவன் சொல்லிவிடக் கூடாது என்று பயந்துகொண்டு எழுந்து வந்துவிட்டேன். வாக்கு வாங்கிக்கொண்டு குனிவது குனிவதே அல்ல, அது இன்னொரு வேஷம். அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. நீ என் ஒரே பிள்ளை. மூன்று பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்தபின் பிறந்தவள். இந்தப் பக்கத்தில் எழுத்து இன்னும் சாய்ந்திருந்தால், அதற்கு நெற்றித் தையலைக் காரணம் சொல்ல மாட்டேன்.

வேண்டாம் என்று நீ சொல்லலாம். கொட்டகலையிலேயே இருந்து பாடம் எடுக்கலாம், ஒருவரும் உன்னைக் கட்டி இழுத்து வர மாட்டார்கள். அப்படியானால் பரிவட்டத்தையும் நீ கழற்றிவிட வேண்டும், ராணி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. நீ வராவிட்டால் அந்த முற்றத்தில் நான் குனிவேன். ஆனால் அது செல்லுமா என்று எனக்குச் சந்தேகம். நான் இந்த வீட்டுக்கு வந்தவள், நீதான் அந்த வீட்டு இரத்தம். செவனம்மா கேட்டது அந்தக் கழுத்தை.

கத்தியை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் முதுகால் மட்டுமே தொட்டதால் வாய் மழுங்கிக் கிடந்தது. லயத்துக் கவ்வாத்துக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுச் சாணை பிடிக்கச் சொன்னேன். "எதுக்குங்கம்மா, சும்மா வேஷத்துக்குத்தானே" என்றார். நன்றாகப் பிடிக்கச் சொன்னேன். இப்போது கூராக இருக்கிறது. தப்படிக்கிறவர்களிடமும் பேசிவிட்டேன். புலி கத்தியை வாங்கியதும் அடி நிற்க வேண்டும், மூன்றாவது தடவையும் நிற்காமல் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். வாழையிலைக்குச் சொல்லி வைத்தாயிற்று.

திருவிழாவன்று காலை முதல் பஸ்ஸில் ஏறு. பருத்திச் சேலை போதும், பட்டு வேண்டாம், கறை போகாது. பரிவட்டத்தை நீயே உன் கையால் அவிழ்க்க வேண்டும், பூசாரியிடம் விடாதே. அங்கே வந்து என்னைத் தேடாதே, உன் அப்பா என்னைப் பார்த்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. நான் இந்தத் தடவை முன் வரிசையில் நிற்க மாட்டேன். உன் பின்னால், கத்தி இறங்குகிற பக்கத்தில் நிற்பேன்.

மயிரை விரித்துப்போட்டுக்கொண்டு வராதே. உயர்த்திக் கொண்டை போட்டுக்கொண்டு வா. கழுத்து தெரிய வேண்டும்.

அம்மா